அவிழ்க்காமல் போன காப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாதான் ரதி. மற்ற நாட்களில் அவர் கங்காணி. கம்பளிக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக மலையில் நின்று கொழுந்து எடுக்கும் பெண்களை விரட்டுவார். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் மீசையை மழித்துவிட்டு, அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, எரிந்துபோன மன்மதனுக்காகப் பொட்டலில் விழுந்து புரண்டு அழுவார். அந்த அழுகையைப் பார்க்கவே பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழவைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

கூத்துக்கு முன் வேஷக்காரர்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். கட்டியவர் கையாலேயே அதை அவிழ்க்கவும் வேண்டும். அதுவரை வேஷம் கலையாது. ஒரு வருஷம் மன்மதன் வேஷக்காரர் கூத்து முடிந்த அலுப்பில் காப்பைத் தானே பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தவறணைக்குப் போய்விட்டார். அப்பா அவரை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி வைத்தார்.

"காப்பு அவுக்காத வரைக்கும் நீ மன்மதன்டா. மன்மதன் சாராயங் குடிப்பானா?"

பாவம், அந்த மனிதர் கூட்டத்தின் நடுவே விழுந்து கும்பிட்டு எழுந்தார். காப்பு விஷயத்தில் அப்பா சொன்னதுதான் சட்டம். இதெல்லாம் கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரருக்குத் தெரியாது. எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அவர் வந்திருந்தார் என்பது வேறு விஷயம்.

அது எழுபதுகளின் தொடக்கம். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் கூடிப் பேசி, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சமான எங்கள் ஆட்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் இந்த நாடா, இந்தியாவா என்று விண்ணப்பம் போட வேண்டும். போடுவது ஆண்களின் வேலை. அப்பா இந்தியாவுக்குப் போட்டிருந்தார். காரணம், சித்தப்பா போட்டிருந்தார். இன்னொரு காரணம், திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கிணறு இருக்கிறதாம். அப்பா அந்தக் கிணற்றைக் கண்டவரில்லை. ஆனால் அதன் தண்ணீர் எப்படி இனிக்கும் என்று சொல்வார்.

அக்காவை ஹாலிஎலவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் வீட்டார் இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கப்பல் ஏறினால் அம்மா இனி அக்காவைப் பார்க்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். தீபாவளிக்கு அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி அக்கா வீட்டுக்குப் போகிறவள் அம்மா. பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது வார்டுக்கு வெளியே சிமெந்துத் தரையில் படுத்துக் கிடந்தவள். போவதா இருப்பதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை. அவளும் சொல்லவில்லை. அடுப்பு ஊதும்போது மட்டும் தேவைக்கு மேல் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், காற்றடித்தால் விழுந்துவிடுவார் போல ஒல்லி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்த என்னை அவருக்குத் துணையாகத் தோட்டத்தை நடத்தும் துரை அனுப்பினார். அவருடைய தமிழை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களின் தமிழை அவருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து ஒரு தேநீர் சம்பாதித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தங்கச்சி, மனுசரைக் கேட்டால் தாங்கள் என்ன செய்யோணும் எண்டு நினைக்கினமோ அதைத்தான் சொல்லுவினம்," என்று அவர் எனக்கு விளக்கினார். "ஆனா ஒரு சின்ன உலகத்தைச் செய்து அதுக்குள்ள அவையளை விட்டால், உண்மையில செய்யிறதைச் செய்வினம். நாங்கள் பக்கத்தில இருந்து பாக்கிறது. விளங்குதோ?"

சின்ன உலகம் என்று அவர் சொன்னது பள்ளிக்கூடத்துத் தரையில் விரித்த ஒரு கித்தான். ஒரு பக்கம் பச்சை மை பூசி இலங்கை, மறு பக்கம் காவி பூசி இந்தியா. நடுவில் கடலுக்காகப் பதுளை நானா துணிக்கடையில் வாங்கிய நீலத் துணி. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு தேயிலைக் கொட்டை. சீட்டுப் போட்டு ஒருவருக்குக் குடும்பத் தலைவர் வேஷம், இன்னொருவருக்கு மனைவி வேஷம், ஒருவருக்குத் துரை வேஷம் என்று கிடைக்கும். ஆண் பெண் பார்ப்பதில்லை. அரிசி விலை ஏறிற்று, வேலை நாள் குறைந்தது, அக்கரையில் காணி தருகிறார்களாம் என்று அவர் ஒவ்வொரு செய்தியாகப் படிப்பார். கடைசியில் தலைவர் தம் குடும்பத்துக் கொட்டைகளைக் கடலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைக்க வேண்டும். எங்கள் முடிவுகளைக் கொழும்பில் ஓர் அறை முழுக்க நிற்கும் இயந்திரத்துக்குள் போட்டால், மலைநாட்டில் மிச்சமுள்ளவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று அது சொல்லிவிடுமாம். நேரே வந்து கேட்டால் என்ன என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாங்கிக் குடித்த தேநீரை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். "சார் என்னா சொல்றாரு?"

"கூத்துப் போடப் போறாருங்க. வேஷம் நம்மளுக்கு," என்றேன். இன்றைக்கும் அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கூத்து வாத்தியார் தாம்பாளத்தில் கற்பூரமும் மஞ்சள் கயிறுமாக வந்து சேர்ந்தார்.

"கூத்துன்னா காப்புக் கட்டணும்ங்களே சார்."

ஆராய்ச்சிக்காரர் பூரித்துப்போனார். மக்கள் தாங்களாகவே ஆய்வில் பங்கெடுக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "ஆர் கட்டுறது?" என்று கேட்டார்.

"கூத்த நடத்துறவங்கதாங்க. நீங்கதான்."

அவர் ஒவ்வொருவர் கையிலும் காப்புக் கட்டினார். முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாறியபோது அப்பாவே விரல் வைத்து உதவினார். அம்மாவின் முறை வந்ததும் வாத்தியார் தயங்கினார். "பொம்பளைங்க வேஷங் கட்டுறது வழக்கமில்லையே," என்றார்.

"ரதிக்கு ஆம்பளைங்க கட்டலையா?" என்றாள் அம்மா. அவள் சபையில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விளையாட்டு தொடங்குமுன் அப்பா ஒரு குறை கண்டுபிடித்தார். குடும்பத்தார் கூடிக் கலந்து பேசி, பிறகு தலைவர் முடிவைச் சொல்ல வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர் விதி வைத்திருந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"அப்புடி எங்க வீடுகள்ல நடக்கிறதில்லீங்க சார். தலைவரு கேட்டாத்தான் பொஞ்சாதி பேசணும். கேக்காட்டி வாயத் தொறக்கப்படாது. நெசமா இருக்கணும்னா அப்புடி வையுங்க."

ஆண்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் நன்றி சொல்லி விதியை மாற்றினார். பிறகு சீட்டை எடுத்தார்கள். அம்மாவுக்குத் தலைவர் வேஷம் விழுந்தது. அந்தத் தலைவருக்கு மனைவியாக அப்பா வந்தார்.

ஒரே சிரிப்பு. அப்பாவுக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அவர் அனுபவசாலி. துண்டை முக்காடாகப் போட்டு, அம்மாவுக்கு ஓரடி பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்தார். துரை வேஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவருக்கு. இருந்த ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும் "நோ" என்றார். உண்மையான துரைக்கு அவ்வளவு பொருத்தமாக வராது.

மற்றக் குடும்பங்கள் எப்படி முடிவெடுத்தன என்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்காரர் எங்களைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் கேள்வி கேட்டால் அவர்கள் விரும்பும் பதிலை முகத்தில் தேடி எடுத்துக் கொடுப்பது எங்களுக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே பழகிய வித்தை. கொட்டை காவிப் பக்கம் நகரும்போதெல்லாம் அவர் தலை தன்னையறியாமல் லேசாக ஆடியது. அதைக் கண்டுகொண்டதும் வரிசையாக எல்லாரும் இந்தியாவுக்குப் போனார்கள். இந்த நாட்டுக்கு எழுதிப்போட்டவர்கள்கூடப் போனார்கள். அவர் மளமளவென்று குறித்துக்கொண்டார்.

அம்மா மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு செய்தி படிக்கும்போதும் அப்பா முக்காட்டுக்குள்ளிருந்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவேயில்லை. முறை வந்ததும் கொட்டைகளை ஒரு கைப்பிடியாக அள்ளிப் பச்சைப் பக்கத்தில், எங்கள் தோட்டம் இருக்கக்கூடிய இடமாகப் பார்த்து வைத்தாள்.

"நாங்க போகல."

அப்பாவின் வாய் திறந்தது. சொந்த விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டது.

"ஏன் அம்மா?" என்று கேட்டார் ஆராய்ச்சிக்காரர்.

"பசு செனையா இருக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் "பொருளாதாரம்" என்று எழுதினார். நான் அக்காவை நினைத்தேன். அடுப்படியில் துடைத்த கண்ணெல்லாம் அந்த ஒரு பிடிக் கொட்டையில் இருந்தது. நான் குனிந்து கித்தானின் ஓரத்தைச் சரிசெய்தேன். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாதது நல்லதாகப் போயிற்று.

அதற்குள் மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. அப்புத்தளைக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் கோச்சியும் போய்விடும் என்று ஆராய்ச்சிக்காரர் பதறினார். கித்தானைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டு, ஓட்டமாய் ஓடினார். வாத்தியார் கற்பூரத் தட்டோடு பின்னாலேயே ஓடினார்.

"சார்! காப்பு! காப்ப அவுத்துட்டுப் போங்க!"

பஸ் போய்விட்டது. வாத்தியார் நனைந்து திரும்பி வந்தார். கற்பூரம் அணைந்திருந்தது.

மற்றவர்கள் ஆளுக்கொரு மறைவில் காப்பை அறுத்தெறிந்துவிட்டார்கள். துரை வேஷக்காரர் மட்டும் பெரட்டில் நிஜக் கணக்கப்பிள்ளைக்கும் "நோ" சொல்லி, ஒரு நாள் வேலையை இழந்த பிறகு அறுத்தார். அப்பாவால் அறுக்க முடியவில்லை. மன்மதனைக் கூட்டத்தில் நிறுத்தியவர் அல்லவா?

அடுத்த வாரமே கண்டிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கடவுச்சீட்டுக்குக் குடும்பத்தோடு போய்க் கைநாட்டு வைக்க வேண்டும். அப்பா பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கையை மட்டும் உயர்த்தினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"தலைவரு போகலன்னு சொன்னாரே."

"ஏ புள்ள, அது வெளையாட்டு!"

"காப்பு அவுத்தாச்சா?"

அப்பா வாத்தியாரிடம் ஓடினார். எலுமிச்சம்பழம் அறுத்து ஏதாவது பரிகாரம் செய்ய முடியாதா என்று கேட்டார். வாத்தியாருக்கும் மனைவி இருந்தாள், அந்த மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கட்டின கைதான் அவுக்கணும் கங்காணி. நீங்க சொன்ன ஞாயந்தானே?" என்றார் அவர்.

என்னைக்கொண்டு ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார் அப்பா. தயவுசெய்து ஒரு தடவை வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகும்படி. பதில் வந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி, விளையாட்டு உங்களுக்குப் பிடித்திருந்ததா, மிகவும் பிடித்தது, ஓரளவு பிடித்தது, பிடிக்கவில்லை, ஏதாவது ஒன்றுக்குக் கீழே கோடிடவும்.

கண்டிக்குப் போகும் நாள் கடந்து போயிற்று.

இதற்காக எங்கள் வீட்டில் அப்பா அடுப்பு ஊதினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேஷத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். கொழுந்து எடுப்பது, சோறாக்குவது, விறகு சுமப்பது எல்லாவற்றையும் குடும்பத் தலைவரான அம்மாவே செய்தாள். போவதா இருப்பதா என்ற ஒரே பேச்சில்தான் அவள் சொல் நின்றது. மாசிதோறும் ரதிக்குக் கட்டும் காப்பு அவிழும், அதற்குக் கீழே பெண்சாதிக்குக் கட்டிய காப்பு அப்படியே இருக்கும். இழை நைந்தால் இருவரும் புதுக்கயிற்றைப் பழசின் மேலேயே முறுக்கிக்கொள்வார்கள்.

இருந்ததால் பெரிதாக வாழ்ந்துவிட்டோம் என்றும் சொல்ல மாட்டேன். சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போக அப்புத்தளை ஸ்டேஷனில், அழுகைக் கோச்சி என்று பேர் வாங்கிய கோச்சியில் ஏறியபோது, அப்பா பனிக்குள் நின்று ரதியை மிஞ்சி அழுதார். அன்றைக்கு எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு பஞ்ச காலம் வந்தது. மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்றோம், கிழங்கும் கீரையும் தின்றோம். அப்பா வெறும் தட்டின் முன் உட்கார்ந்து, "தலைவரே, இன்னிக்கு என்னா விருந்து?" என்று கேட்பார். அம்மா தன் பங்கையும் அவர் தட்டில் வைப்பாள். அவர் கேலி அத்தோடு நிற்கும்.

தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவர வருஷத்தில் அக்கா இருந்த லயத்து வரிசை வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். புருஷனும் அவளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்து ஒளிந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காவின் முடியில் புகை வாசம் இருந்தது. ஒரே காம்பராவில் எல்லாரும் நெருக்கிப் படுத்தோம். நாங்கள் கப்பலேறியிருந்தால் அவர்கள் எங்கே ஓடியிருப்பார்கள் என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் லயமெங்கும் மறுபடி போவதைப் பற்றிய பேச்சுத்தான். இனியும் இருப்பது புத்தியில்லை என்றார்கள். அப்பா மட்டும் காப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் ஆராய்ச்சிக்காரர் திரும்பி வந்தார். தலை நரைத்து, இன்னும் ஒல்லியாகியிருந்தார். கொழும்பில் அவர் வீட்டையும் எரித்திருந்தார்கள். கித்தான், குறிப்புகள் எல்லாம் சாம்பல். வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, போகுமுன் பழைய இடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

"உங்கட குடும்பத்தின்ர முடிவை நான் கணக்கில எடுக்கேல்ல, தங்கச்சி," என்றார் என்னிடம். "அது மற்றதுகளோட பொருந்தேல்ல. குடும்பத் தலைவர் ஒருத்தரும் உண்மையில அப்பிடிச் செய்ய மாட்டினம் எண்டு விட்டிட்டன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாக விழுந்த முடிவு அது ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தேன். வீடு இழந்த மனிதரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கடல் தாண்டிப் போறீங்களே சார், வீட்டம்மா என்னா சொன்னாங்க?"

"அவவுக்கு என்ன? நான் போற இடத்துக்கு வருவா."

"கேட்டீங்களா?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்து அது என்னவென்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"அண்டைக்கு நான் அப்பிடியே விட்டிட்டுப் போனது பெரிய பிழை. கையைத் தாங்கோ ஐயா, இப்பவே அவிழ்த்து விடுறன்."

அம்மாவின் கை முந்தானைக்குள் போய்விட்டது. அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். பஞ்சத்திலும் கலவரத்திலும் பார்க்காத பயம். கயிறு அவிழ்ந்தால் அப்பா மறுபடி தலைவர். லயமே போக நிற்கிறது. அக்கா அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

அப்பா திண்டில் சாய்ந்திருந்தார். அக்காவின் கடைக்குட்டி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தம் காப்பைப் பார்த்தார், பிறகு ஆராய்ச்சிக்காரரைப் பார்த்தார்.

"வேணாங்க சார். ஒங்களுக்குக் கோச்சிக்கு நேரமாச்சு."

நான் அவரைப் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை. அம்மாதான் பேசினாள்.

"கோச்சி பொழுது சாயத்தானே வருது?"

அப்பா துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். "தலைவரு கேக்கிறதுக்கு முந்தி வாயத் தொறந்துட்டேன். மன்னிக்கணும்," என்றார்.

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யாரையும் கேட்காததைக் கேட்டாள்.

"சரி, இப்பக் கேக்குறேன். போவோமா, இருப்போமா? நீங்க சொல்லுங்க."

அப்பா தலைத் துண்டை எடுத்து மடியில் கிடந்த பிள்ளையின் கால்களைப் போர்த்தினார்.

"இவ தூங்குறாளே புள்ள," என்றார். "நான் எப்புடி எந்திரிக்கிறது?"